ஏழடிப்பட்டத்துப் படுக்கைகளும் விருந்தினர் குறைகளும்: ஒரு நீர்க்கரை விடுதி ஆய்வு

புதுக்கோட்டைச் சீமையின் குடைவரைகளை ஆராய்ந்தாயிற்று, கல்வெட்டுகளைப் படியெடுத்தாயிற்று, கோட்டைகளை அளந்தாயிற்று. தண்ணீர்க்கரை விடுதியில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வருகிறவரை மட்டும் எந்த அறிஞரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப இக்கட்டுரை முயல்கிறது.

முதலில் ஆய்வெல்லை. நீர்க்கரை என்பதில் கண்மாய், குளம், ஊரணி, சுனை, கடல் ஐந்தும் அடங்கும். விடுதி என்பது படுக்க இடம் தருவது. விருந்தினர் என்பவர் காசு கொடுத்தோ கொடுக்காமலோ படுத்து எழுந்து, அதன்பின் ஏதாவது சொல்பவர்.

இந்த இலக்கணத்தின்படி மாவட்டத்தின் மிகப் பழைய நீர்க்கரை விடுதி சித்தன்னவாசல் மலையில் இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். உச்சிப் பாறையைக் கடந்து, பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளில் கால் வைத்துப் போனால் இயற்கைக் குகை ஒன்று, அதுதான் ஏழடிப்பட்டம். உள்ளே பதினேழு படுக்கைகள். எல்லாம் கல். வழவழவென்று இழைத்து, தலைமாட்டில் கல்லையே சற்று மேடாக விட்டுத் தலையணையும் செய்திருக்கிறார்கள். 'தலையணை ரொம்ப உயரம்', 'தலையணை ரொம்பத் தட்டை' என்னும் இரண்டு குறைகளும் ஒரே உளியில் தீர்ந்தன. வேண்டுமானால் மாற்றித் தரச் சொல்லலாம் என்ற ஆசைக்கே இடமில்லை.

நீர் வசதி? மலையிலேயே நாவச்சுனை என்றொரு சுனை உண்டு. அதற்குள் லிங்கத்தோடு ஒரு சிறு குடைவரை மூழ்கிக் கிடக்கிறது; நீரை இறைத்தால்தான் சாமி தெரிவார். நீச்சல்குளத்துக்கு அடியில் கோயில் வைத்த விடுதி வேறெங்கும் இருப்பதாக நம் ஆய்வில் தெரியவரவில்லை.

'அறையிலிருந்தே தண்ணீர் தெரிய வேண்டும்' என்று கேட்போருக்கு மலையின் மேற்குச் சரிவில் அறிவர் கோயில் இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்து முன்மண்டபம் கட்டினான் என்று கல்வெட்டு சொல்கிறது. விதானத்தில் முழுக் குளம் ஒன்றை வரைந்திருக்கிறார்கள்: தாமரை, மீன், வாத்து, எருமை, யானை, பூப்பறிக்கும் மூன்று பேர். மல்லாந்து படுத்தால் குளம் தலைக்கு மேலே. கோடையில் வற்றாது, கொசு வராது, நாற்றமும் கிடையாது. (மண்டபத்தில் படுக்கத் தொல்லியல் துறை இப்போது விடாது. அது வேறு விஷயம்.)

இனி முக்கியச் சான்றுக்கு வருவோம். ஏழடிப்பட்டத்தின் பெரிய படுக்கையில், கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்ட தமிழ் பிராமி எழுத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக, சிறுபொசில் ஊர் இளையர் இதைச் செய்தார் என்பது அதன் சாரம். எருமைநாடு என்பது இன்றைய மைசூர்ப் பக்கம். ஆக, பதிவேட்டில் உள்ள முதல் விருந்தினரே வெளிமாநிலத்தவர். சில நூறு ஆண்டுகள் கழித்து வந்தவர்கள் மற்றப் படுக்கைகள் சிலவற்றில் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள்: தொளக்குன்றத்துக் கடவுளன், திருநீலன், திருப்பூரணன், திட்டைச்சாரணன். சமணத் துறவிகள். ஊரை விட்டு, உறவை விட்டு, கடைசியில் உணவையும் விட்டு உயிர் துறக்க வந்தவர்களும் இந்தக் குகையில் இருந்தார்கள். அவர்களில் ஒருவராவது 'முதுகு வலிக்கிறது', 'காலை இட்லி ஆறிவிட்டது' என்று பொறித்திருக்கிறாரா? இல்லை. ஒரு வரிகூட இல்லை.

அடுத்த காலகட்டம் சத்திரங்கள். ராமேசுவரம் போகும் கடலோரப் பாதையில், மணமேல்குடி, மீமிசல் வரை தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரம் வைத்திருந்தார்கள். இந்தச் சத்திரங்களைப் பற்றி 1801-இல் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன்படி, யார் வந்தாலும் சோறு, நோயாளிக்கு வைத்தியம், நள்ளிரவில் மணி அடித்து இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று ஓர் அழைப்பு. இங்கே குறை சொல்லும் வழக்கம் மெல்லத் தலையெடுத்திருக்கலாம் என்பது நம் ஊகம். ஓசிச் சோற்றில் உப்பு பார்ப்பது நமக்குப் புதிதல்லவே.

மூன்றாம் காலகட்டம் நம்முடையது. கடியாபட்டி போன்ற நகரத்தார் ஊர்களில் பெரிய வீடுகள் விடுதிகளாகியிருக்கின்றன. கண்மாய்க்கரைத் தோப்புகளில் நாலு அறை கட்டி, வாசலில் மண் குதிரை வைத்த இடங்களும் உண்டு. இவற்றில் தங்குவோர் குறைகளில் தலையாயது, தண்ணீரைக் காணோம் என்பது. விளம்பரப் படத்தில் இருந்தது மார்கழி மாதத்துக் கண்மாய். குடும்பம் வந்து இறங்கியதோ அக்னி நட்சத்திரத்தில். இந்த மாவட்டத்துக் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிழைப்பவை. ஐப்பசியில் பெய்தால் தையில் அலையடிக்கும். சித்திரையில் நடுவே மாடு மேயும். விடுதிக்காரர் பொய் சொல்லவில்லை. மாதத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது குறை, சத்தம். அமைதி தேடி வந்தவரை விடியுமுன் மயில் எழுப்புகிறது. மயில் ஓய்ந்தால் மாரியம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர். ஆனால் உச்சம் மீன்பிடித் திருவிழா. அறுவடை முடிந்து கண்மாய் இடுப்பளவுக்கு இறங்கியதும் நாள் குறிப்பார்கள். சுற்றுப்பட்டு ஊர்ச்சனம் ஊத்தா, கச்சா, வலையோடும், சிலர் வேட்டியோடும் கரையில் வரிசைகட்டி நிற்கும். ஊர்ப்பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், கண்மாய் சேற்றுக் குழம்பாகிவிடும். விரால் துள்ளும், கெண்டை துள்ளும், கூட்டமும் துள்ளும். மேல்மாடத்தில் கிரீன் டீயோடு உட்கார்ந்திருந்த விருந்தினர் 'தனிமை கெட்டது' என்று எழுதிவைத்துவிட்டுப் போவார். அதே வேளையில் அவர் மகன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்மாய்க்குள் நிற்பான். (ஒரு சொட்டு விரால் குழம்பு சாப்பிட்டிருந்தால் அவர் எழுதியிருக்கமாட்டார் என்பது இக்கட்டுரையாளரின் தனிக் கருத்து.)

இவற்றிலிருந்து பெறப்படும் விதி: கல்லுக்குக் குறை இல்லை, பாய்க்குக் கொஞ்சம், மெத்தைக்கு நிறைய. இதற்கு ஒரு மறுப்பு எழலாம். துறவிகளுக்கும் குறை இருந்திருக்கும். கல்லில் வெட்டுவது பெரும்பாடு என்பதால் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று சிலர் வாதிடுவர். வலுவான மறுப்புதான். அதை ஏற்று, அதையே பரிந்துரையாக்குகிறோம். மாவட்டத்து நீர்க்கரை விடுதிகள் கருத்துப் பதிவேட்டையும் பேனாவையும் அகற்றிவிட்டு, ஒரு கருங்கல் பலகை, உளி, சுத்தியல் வைக்கட்டும். 'பாத்ரூமில் பக்கெட் சிறியது' என்று வெட்டி முடிக்க ஒரு பகலாவது ஆகும். பெரும்பாலோர் ஊர், பெயரோடு முடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள்.

இந்தப் பரிந்துரை விடுதிகளுக்கு மட்டுமே. சித்தன்னவாசல் போகிறவர்கள் ஆணி, சாவி, மார்க்கர் பேனா எதையும் பாறைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். அங்கே பதினேழு படுக்கைக்கும் எப்போதோ ஆள் வந்தாயிற்று, சிலர் பெயரும் எழுதியாயிற்று. இடம் காலி இல்லை.