டிரெய்லர் இல்லாத படகு

போன சனிக்கிழமை விடியற்காலை ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, என் படகு படகே இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார். இன்னும் எனக்கு ஆறவில்லை.

ராரிடன் விரிகுடாவில் ஸ்ட்ரைப்ட் பாஸ் பிடிக்கக் கயாக் இறக்க ஆகச் சிறந்த இடம் எது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஏழு வருட ஆராய்ச்சி. கட்டாயம் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் இந்தச் சனிக்கிழமையைக் கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேறு எதை எழுதினாலும் அதற்குள் அந்த மஞ்சள் சட்டைக்காரர் வந்து உட்கார்ந்துகொள்வார்.

ஊர் பேர் வேண்டாம். நியூ ஜெர்சிக் கரையோரத்து ஊர்களில் ஒன்று. படகுத்துறை வாசலில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் அவர், அவர் கையில் காபி.

"டிரெய்லர் எங்கே?"

"டிரெய்லர் இல்லீங்க. மேல இருக்கு" என்று காரின் கூரையைக் காட்டினேன். பன்னிரண்டடி நீளம், 85 பவுண்டு எடை, ஆரஞ்சு நிறம். இருட்டிலும் கண்ணைக் குத்தும்.

நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் பக்கம் டிரெய்லரோட வர்ற படகுகளுக்கு மட்டும். வெறும் கார்னா அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் போனேன். 'உள்ளூர்வாசிகளுக்கு மட்டும்' என்று பலகை. திரும்பி வந்தேன்.

"நான் உள்ளூர் இல்லீங்க. எடிசன்."

"உள்ளூர் இல்லேன்னா இந்தப் பக்கம்தான் நிறுத்தணும்."

"சரி, நிறுத்திக்கட்டுமா?"

"டிரெய்லர் எங்கே?"

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். மனதாரக் கேட்டார். ஆங்கிலத்துக்கு 'கட்டுமரம்' என்ற சொல்லையே கடன் கொடுத்தவர்கள் நாங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கொடுத்தவர்கள் கடலோரத்துக்காரர்கள். எனக்கு ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். என் தாத்தா வயல் சேற்றைத் தவிர வேறெதிலும் கால் வைத்ததில்லை. யாரோ கொடுத்த கடனை நான் போய் வசூலிப்பது முறையில்லை என்று காரைத் திருப்பினேன்.

இத்தனைக்கும், ஜனவரியில் நாம் எல்லாரும் செய்வதை நானும் ஒழுங்காகச் செய்திருந்தேன். வெளியே பனி, மடியில் கணினி, திரையில் செயற்கைக்கோள் படம், பக்கத்தில் ஆறிப்போன டீ. கரையின் ஒவ்வொரு வளைவையும் பெரிதாக்கி, பழுப்பாகத் தெரிவது மணலா சேறா என்று நள்ளிரவில் உற்றுப் பார்ப்பது. மீன் வருவதோ ஏப்ரல் வாக்கில். பங்கர் கூட்டம் (நம் மத்திக்கு அண்ணன் முறை, அதைவிட எண்ணெய்ப்பசை) விரிகுடாவுக்குள் நுழைந்தால் அதைத் துரத்திக்கொண்டு பாஸ் வரும். அதுவரை படம் பார்ப்பதுதான் மீன்பிடி.

ஏப்ரலில் பிடித்தாலும் என்ன? 28 அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும், 31ஐத் தாண்டினாலும் விட்டுவிட வேண்டும். முன்பு 35 வரை போகலாம். 2015இல் பிறந்த பெரிய பட்டாளம் வளர்ந்து வருகிறது, அதைக் காப்பாற்றியாக வேண்டும் என்று 2023 மே மாதம் அவசர உத்தரவு போட்டு 31 ஆக்கினார்கள். அரசு வேலை விளம்பரத்து வயது வரம்பு மாதிரி: 28 முதல் 31 வரை, எந்தப் பிரிவினருக்கும் தளர்வு கிடையாது, ஆளுக்கு ஒரே ஒரு காலியிடம். இந்த மூன்று அங்குலத்துக்குள் வந்து மாட்டப்போகும் ஒற்றை மீனுக்காக மூன்று மாதம் இடம் தேடுகிறோம்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பதினோரு பேர். பத்துப் பேர் சாஃப்ட்வேர், ஒருவர் பல் டாக்டர். குழுவில் வரும் படங்களில் மீன் மட்டும் துல்லியமாக இருக்கும். மேலே ஓடும் கறுப்புக் கோடுகளை எண்ணிவிடலாம். பின்னால் ஒரே மூடுபனி. இடம் தெரிந்துவிடக் கூடாது என்று மெனக்கெட்டு மழுப்பி அனுப்புவார்கள். "எங்க மாப்ள பிடிச்சே?" என்று கேட்டால், "தண்ணியிலதான் மாப்ள." ஒருமுறை அந்த மூடுபனிக்குள் தெரிந்த சாம்பல் கோட்டை வைத்து, அது வெரசானோ பாலம்தான், ஆகவே படம் தெற்கேயிருந்து எடுத்தது என்று இரண்டு நாள் நிரூபித்தோம். அது படம் அனுப்பினவனின் தூண்டில் கம்பு.

அதனால் இடத்தை அவரவரேதான் தேட வேண்டும். கீபோர்ட்டில் தொடங்கி யூனியன் பீச், கீன்ஸ்பர்க், அட்லாண்டிக் ஹைலண்ட்ஸ் என்று கிழக்கே போய் சாண்டி ஹுக் முனை வரை எல்லாவற்றையும் சலித்திருக்கிறோம். லியோனார்டோ பக்கம் கடற்படையின் வெடிமருந்துத் துறை ஒன்று கடலுக்குள் கிட்டத்தட்ட மூன்று மைல் நீள்கிறது. அதை நெருங்கக் கூடாது, நெருங்கினால் காவல் படகு வரும். ஆகவே மொத்த மீனும் அதன் அடியில்தான் இருக்கிறது என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. போய்ப் பார்த்தவர் இல்லாததால் மறுத்துப் பேசவும் ஆள் இல்லை.

சாண்டி ஹுக்கில் 1764இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் எரிகிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசியதெல்லாம் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி போட்ட செய்தியைப் பற்றித்தான். செயற்கைக்கோளில் பார்த்துவிட்டு, "கன்னிசன் பீச்சுனு ஒண்ணு இருக்குண்ணா, பார்க்கிங் பெரிசா இருக்கு, கூட்டமும் நிறைய வரும்போல, ஃபேமிலியோட போலாம்" என்று எழுதியிருந்தான். குழுவில் பத்து நிமிடம் மயான அமைதி. கடைசியில் பல் டாக்டர்தான் பதில் போட்டார்: "போலாம் தம்பி. துணி எதுவும் எடுத்துட்டு வர வேண்டாம், அங்க தேவைப்படாது." செய்தி உடனே அழிக்கப்பட்டது.

இடம் கிடைத்தால் நேரம் அமையாது. பிப்ரவரியில் அம்மா ஊரிலிருந்து வரும்போது தினசரிக் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் மாட்டியிருந்தாள். "அட்டமி நவமியில எதையும் ஆரம்பிக்காதேடா" என்றாள். சிரித்தேன். பிறகு கடல் ஏற்ற இறக்க அட்டவணையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி எங்கள் விரிகுடாவில் காலை எட்டரை ஒன்பது வாக்கில் தண்ணீர் ததும்பி நிற்கும். அட்டமியில் அதே நேரம் கிட்டத்தட்ட ஐந்தடி வடிந்துபோய், கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே கரிய சேறு பளபளக்கும். அப்படியானால் அமாவாசைக்கே போகலாமே என்பீர்கள். போகலாம். விடியலில் சுகமாக இறக்கலாம். இரண்டு மணிக்குத் திரும்பும்போது அதே சேறு. எது நல்ல நாள் என்பதை விட, சேறு போகும்போதா வரும்போதா என்பதுதான் கேள்வி. சனிக்கிழமை அட்டமி. எனக்கு லீவு சனிக்கிழமைதான். சந்திரனுக்கும் என் மேனேஜருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

சரி, அந்தச் சிறந்த இடம். கொஞ்சம் பொறுங்கள், அதற்கு முன் குழாய்க்காரரைச் சொல்லியாக வேண்டும்.

மீன், ஆழம், காற்று எல்லாம் பிறகு. முதல் கவலை காரை எங்கே நிறுத்துவது. அதனால்தான் நாம் எல்லாரும் ஸ்ட்ரீட் வியூவில் தெருத்தெருவாகப் போய்ப் பலகை படிக்கிறோம். அப்படி ஒரு ஜனவரி இரவில் கண்டுபிடித்ததுதான் அந்தத் தெரு. நேராகக் கடலில் போய் முட்டி நிற்கும் முட்டுச்சந்து. கம்பித் தடுப்பில் ஓர் இடைவெளி, அதைத் தாண்டி நாற்பது எட்டு மணல், அப்புறம் தண்ணீர். பலகையே இல்லை. கடைசி வீட்டு வாசலில் நீல அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் ரப்பர் குழாயைப் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார். நீர் வில்லாக வளைந்து அந்தரத்தில் நிற்கிறது. முகம் மட்டும் மழுப்பல். நம்மவர்கள் மீனைக் காட்டி ஊரை மறைப்பார்கள் என்றால், ஸ்ட்ரீட் வியூக்காரர்கள் ஊரைக் காட்டி ஆளை மறைக்கிறார்கள்.

அவருக்குப் பின்னால் தெருவோரம் சாம்பல் நிற ஹோண்டா ஒன்று நிற்கிறது. அந்த ஹோண்டாதான் என் சாட்சி. அது அவருடையதா? இருக்காது, அவர் வீட்டு முற்றத்தில் வேறு கார் இருக்கிறது. அப்படியானால் வெளியாள் கார். அப்படியானால் வெளியாள் நிறுத்தலாம். மூன்று வருடம் இந்தத் தர்க்கத்தை மெருகேற்றியிருக்கிறேன். அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் அவர் பாதி திரும்பி, ஊதாப் பூங்கொத்துச் செடி ஒன்றின் தூரில் தண்ணீர் விடுவார். இன்னொரு தட்டுத் தட்டினால் ஆள் இல்லை, குழாய் மட்டும் புல்லில் கிடக்கும். முதல்முறை பார்த்தபோது பதறிப்போய்ப் பின்னால் வந்தேன். அங்கே பத்திரமாக நின்று ஊற்றிக்கொண்டிருந்தார்.

பழைய வருடத்துப் படங்களும் உண்டல்லவா, அதையும் விடவில்லை. 2012 அக்டோபரில் சாண்டி புயல் இந்தக் கரையைப் புரட்டிப் போட்டது. புயலுக்கு முந்தைய படத்தில் அவர் வீடு தரையோடு தரையாக இருக்கிறது. அடுத்ததில் வீடே இல்லை, வெறும் மண். அதற்கடுத்ததில் தூண்கள். பிறகு தூண்களின் மேல் வீடு, பதினான்கு படி. எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது. சொந்தச் சித்தப்பா வீடு கட்டியபோதுகூடப் படிகளை எண்ணியதில்லை. ஒரு நாள் என் மனைவி பின்னால் வந்து நின்று, "யாருங்க இவரு?" என்றாள்.

"தெரிஞ்சவர்" என்றேன்.

அவருக்கு எப்போதும் ஆகஸ்ட். எனக்கு எப்போதும் ஜனவரி. வேலையில் திட்டு வாங்கிய நாட்களில் மீன் நினைப்பே இல்லாமல், அவர் தண்ணீர் ஊற்றுகிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்ததும் உண்டு. மழுப்பலுக்கு அடியில் எங்கள் கணக்கு வாத்தியாரின் முகத்தைப் பொருத்திவைத்திருந்தேன்.

கூண்டுக்காரர் திருப்பி அனுப்பியதும் சனிக்கிழமை நேராக அந்தத் தெருவுக்குத்தான் போனேன். ஐந்தே கால் மணி. ஹோண்டா இல்லை. ஹோண்டா நின்ற இடத்தில் கம்பம், கம்பத்தில் புத்தம்புதுப் பலகை: உள்ளூர் அனுமதி உள்ள வண்டிகளுக்கு மட்டும். கீழே இறங்கி அதை இரண்டுமுறை படித்தேன். ஏப்ரல் தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட், விழுந்தால் மூச்சு அடைத்துவிடும். அதனால் வீட்டிலேயே டிரைசூட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தேன். அதுவும் ஆரஞ்சு. விண்வெளிக்குப் போகிறவன் வழி கேட்க நிற்பதுபோல் நின்றிருப்பேன்.

மாடியில் விளக்கு எரிந்தது. பதினான்கு படியும் இறங்கி ஒருவர் வந்தார். அவருக்கு முகம் இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடி, சின்ன மோவாய், தூக்கக் கலக்கம். கணக்கு வாத்தியாரின் சாயல் துளியும் இல்லை.

"ஏதாவது உதவி வேணுமா?" என்றார். இந்த நாட்டில் அதற்குக் 'கிளம்பு' என்று பொருள்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். மூன்று வருடப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. "செடி நல்லா வளர்ந்திருக்கு" என்றேன்.

அவர் செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பையிலிருந்து போனை எடுத்தார். நான் போய்விட்டேன்.

ஒன்று கேட்கிறேன். இந்த மாநிலத்தில் கடலேற்றம் தொடும் கோடுவரை கரை பொதுமக்களுடையது. ரோமானியர் காலத்திலிருந்து வரும் கொள்கை. ஏவன் என்ற கடற்கரை ஊர் வெளியூர்க்காரரிடம் கூடுதல் கட்டணம் வாங்கியபோது, அது கூடாது என்று 1972இல் மாநில உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. கடல் எனக்கும் சொந்தம், ஈர மணலும் சொந்தம். காரை விட்டு இறங்கும் இடம் மட்டும் சொந்தமில்லை. வானத்திலிருந்து கயாக்கோடு குதித்தால் என்னை ஒருவரும் தடுக்க முடியாது. ரோமானியர்களுக்குக் கார் இல்லை, அவர்கள் யோசிக்கவில்லை. இவர்களுக்கு என்ன? பலகை செய்யக் காசு இருக்கிறது, நாலு கார் நிற்க இடம் மட்டும் இல்லையா? இதை இன்னும் இரண்டு பக்கம் எழுதுவேன். வீட்டில் திட்டுவார்கள்.

கடைசியில் நாம் எல்லாரும் எங்கே போய்ச் சேர்வோமோ அங்கேதான் சேர்ந்தேன்: போன வருடமும் போன, அதற்கு முந்தின வருடமும் போன, இனி வரவே கூடாது என்று சபதம் செய்த அதே இடம். குழுவில் நான்கு பேர் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். மூடுபனி ஆசாமியும் இருந்தான். ஒருவரையொருவர் பார்த்து, "சும்மா காத்து வாங்க வந்தேன்" என்று சொல்லிக்கொண்டோம். மணி ஏழு. தண்ணீர் வெகுதூரத்தில் கோடாகத் தெரிந்தது. அதுவரைக்கும் சேறு. பல் டாக்டர் முயன்று பார்த்துவிட்டு ஒற்றைக் காலணியோடு திரும்பி வந்தார்.

ஒன்பது மணிக்கு வீடு. உப்பைக் கழுவாமல் விட்டால் இரும்பெல்லாம் துருப்பிடிக்கும், அதனால் வந்ததும் கழுவுவது ஏழு வருடப் பழக்கம். வாசலில் கயாக்கை இறக்கிவைத்து, குழாயை எடுத்து அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா படியில் வந்து நின்றாள்.

"மீன் எங்கடா?"

"கிடைக்கல."

"கொடுவா மாதிரி இருக்கும்னு சொன்னே. மசாலா அரைச்சு வெச்சிட்டேன்." கயாக்கைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள். "தண்ணியே படாததை எதுக்குடா கழுவுறே?"

பதில் சொல்லவில்லை. தெரு முனையில் ஒரு கார் திரும்பியது. கூரைமேல் ஏதாவது கேமரா தெரிகிறதா என்று பார்த்தேன். இல்லை, கூரியர் வண்டி. இருந்தாலும், அது கடந்து போகும்வரை முகத்தைச் செடிப்பக்கமே திருப்பிவைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.