நாற்காலிமேல் ஒரு துண்டு

எனக்குப் பதவி உயர்வு உத்தரவு வருவதற்கு முந்தின நாளே துண்டு வந்துவிட்டது.

வெள்ளை டர்க்கித் துண்டு. அலுவலக உதவியாளர் அதை உதறி, சூப்பிரண்டு நாற்காலியின் முதுகில் போர்த்தி, சுருக்கத்தை நீவிவிட்டு, ஓரடி தள்ளி நின்று அழகு பார்த்தார். தமிழ்நாட்டில் அரசு அலுவலகத்துக்குள் நுழைகிறவருக்கு வழிகாட்டிப் பலகையே தேவையில்லை. துண்டு போட்ட நாற்காலியைத் தேடினால் போதும், அதிகாரி அங்கே இருப்பார். அல்லது இருக்கமாட்டார். துண்டு நிச்சயமாக இருக்கும்.

நான் படாளத்துக்காரன். வேலை பார்த்தது செங்கல்பட்டில். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். ஓய்வூதியம் வாங்கிப் பிழைக்கிறவன். தினமும் கூட்ரோட்டில் பஸ் பிடித்து, பாலாற்றுப் பாலத்தில் தண்ணீர் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்து, மணலைக் கண்டு பெருமூச்சு விட்டு, போய்ச் சேர்வேன்.

துண்டோடு ஒரு மணியும் தந்தார்கள். மேஜைமேல் வைத்துத் தட்டுகிற மணி. முதல் நாள் ஒரு தட்டுக்கே உதவியாளர் வந்தார். ஒரு வாரத்தில் அது மூன்று தட்டானது. ஒரு மாதத்தில், நானே எழுந்துபோய் வராந்தாவில் அவரைக் கண்டுபிடித்து, "மணி அடிச்சேனே, கேக்கலையா?" என்று விசாரித்துவிட்டு, போனதுதான் போனோம் என்று தண்ணீரையும் நானே பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

அதே அலுவலகத்தில் ரெக்கார்டு ரூமில் ஓர் அக்கா இருந்தார். துண்டு கிடையாது, மணி கிடையாது. ஒரு ஸ்டூலும், சுற்றுவதைவிட அதிகமாக முனகுகிற ஒரு ஃபேனும்தான். ஆனால் பதினோரு மணி டீயில் முதல் டம்ளர் அங்கேதான் போகும். எந்த அரசாணை எந்த அரசாணையை ரத்து செய்தது, 'பார்வை 3-இல் காணும் கடிதம்' எலி தின்றது போக எந்த அலமாரியில் மிச்சமிருக்கிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. புதிதாக வரும் அதிகாரி முதல் வாரம் அவரைக் கூப்பிட்டு அனுப்புவார். இரண்டாவது வாரம் தானே எழுந்து போவார்.

என் துண்டுக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் அக்கா பத்து நிமிடம் தாமதமாக வந்தார். விளக்கம் கேட்டு ஒரு மெமோ கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். "சார், தேதி போடலையே. எண்ணும் இல்ல. இப்படிக் குடுத்தா நாளைக்கு நிக்காது சார்" என்று சொல்லி, எண் போடுகிற பதிவேட்டையும் அவரே எடுத்துக் கொடுத்தார். அலுவலக நகல் ஒன்று வேண்டுமென்று கேட்டு வாங்கி, கோப்பில் கோத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

நாற்காலி பேச்சு எடுபடாமல் ஸ்டூல் பேச்சு எடுபடுகிற இந்த விஷயத்தை ஆராய்ந்து எழுதியவர்கள் உண்டு. 1959-இல் ஜான் பிரெஞ்ச், பெர்ட்ராம் ரேவன் என்ற இரண்டு சமூக உளவியலாளர்கள், ஒருவர் சொல்லை இன்னொருவர் ஏன் கேட்கிறார் என்பதற்கு ஐந்து காரணம் சொன்னார்கள். பதவி தரும் உரிமை, கொடுக்கிற கை, தண்டிக்கிற கை, விஷய ஞானம், ஆள்மீது உள்ள மதிப்பு. முதல் மூன்றும் நாற்காலியோடு வருபவை, கடைசி இரண்டும் ஆளோடு வருபவை என்று மேலாண்மைப் பாடங்களில் பிரித்துச் சொல்வார்கள். எங்கள் அலுவலகத் தமிழில் முதல் மூன்றுக்கும் துண்டு, இன்கிரிமென்ட், 17-பி குற்றச்சாட்டு மெமோ என்று பெயர். இன்கிரிமென்டும் 17-பியும் மேலதிகாரிகள் கையில். எனக்கு வாய்த்தது துண்டு மட்டும். ஞானம், மதிப்பு என்ற கடைசி இரண்டையும் அக்கா வைத்திருந்தார்.

ஊரிலாவது என் சூப்பிரண்டுத்தனம் செல்லுமா என்று பார்த்தேன். படாளத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. சுற்றுப்பட்டில் கரும்பு போட்டவர்களுக்கெல்லாம் கட்டிங் ஆர்டர் என்ற காகிதம் பெரிய விஷயம். எங்கள் ஒன்றரை ஏக்கருக்கும் அது வந்தது. வெட்டுகிற ஆட்கள் வரவில்லை. ஆர்டர் வேறு, அரிவாள் வேறு. அரிவாள்கள் எல்லாம் மேஸ்திரியின் பேச்சைத்தான் கேட்கும்.

நான் இஸ்திரி போட்ட சட்டையோடு போய், ஆர்டரை நீட்டி, நான் யார் என்பதையும் சொன்னேன். மேஸ்திரி பீடியை அணைத்தார். "இன்னா சார், இந்த ஊர்ல சூப்பிரண்டுக்குப் பஞ்சமே இல்ல. அருவா புடிக்கத்தான் ஆளில்ல."

மறுநாள் அப்பா போனார். ஆர்டரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, மேஸ்திரி மகளின் காதுகுத்து எப்படி நடந்தது என்று கேட்டுவிட்டு வந்தார். அதற்கடுத்த விடியலில் பதினைந்து பேர் எங்கள் கொல்லையில் நின்றார்கள். மேஸ்திரியும் அரிவாளோடு இறங்கினார். ஒரு பையன் அடிக்கரும்பை ஒரு சாண் விட்டு வெட்டினான். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து அந்தக் கட்டையை மண்ணோடு சேர்த்து வெட்டிப் பையன் கையில் கொடுத்து, "கடி" என்றார். கரும்பில் இனிப்பு அதிகம் தங்குவது அடியில்தான். பையன் கடித்தான். அன்று முழுக்க யாரும் மிச்சம் வைக்கவில்லை. மெமோ இல்லை, விளக்கம் இல்லை, அலுவலக நகலும் இல்லை.

எங்கள் வட்டாரத்தில் என்னைவிடப் பெரிய துண்டுக்காரர் ஒருவர் இருந்தார். 1790-களில் இந்தச் சீமைக்குக் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ் துரை. பின்னால் கிழக்கிந்தியக் கும்பெனியே நின்றது. ஆனால் பக்கத்து மதுராந்தகம் ஏரிக்கரை மழைக்காலத்தில் உடையும்போது அவர் மணியடித்து யாரைக் கூப்பிடுவது? கொட்டுகிற மழையில் கரைக்குப் போனவர், வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைக் கண்டு மண்டியிட்டார், பிறகு அங்குள்ள ராமர் கோயிலில் தாயார் சன்னிதி கட்டிக் கொடுத்தார் என்பது ஊர்க்கதை. ஏரி காத்த ராமர் என்ற பெயர் அப்படி வந்தது. கலெக்டர் நின்ற கரையில் பெயர் வாங்கியவர் ராமர்.

அதே துரை கொடுத்த ஒரு காகிதம் மட்டும் ஆயுசு கெட்டியாக இருக்கிறது. படாளத்திலிருந்து மேற்கே திரும்பினால் வேடந்தாங்கல். தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று ஊரார் முறையிட, 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்குத் தரும் கவுல் என்ற எழுத்து உத்தரவு கொடுத்தார். அதற்கு முன்பே அந்த ஊர் பறவைகளைக் காத்துக்கொண்டுதான் இருந்தது. எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். கும்பெனி போய்விட்டது. பறவை மிரளுமென்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் இன்றும் இருக்கிறது. ஊர் மனசில் ஏற்கெனவே இருந்ததை எழுதிக் கொடுத்த உத்தரவு இருநூறு வருடம் தாண்டி நிற்கிறது. என் மெமோ பதினோரு மணி டீயைத் தாண்டவில்லை.

ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் மாலை, சால்வை, பாராட்டு எல்லாம் ஆனது. சால்வையோடு நான் படி இறங்குவதற்குள் துண்டு துவைக்கப் போய்விட்டது.

பிறகுதான் தெரிந்தது, என் பணிப்பதிவேட்டில் ஒரு விடுப்புக் காலத்துக்குப் பதிவே இல்லை, அதனால் ஓய்வூதியமும் நிற்கிறது என்று. புதுத் துண்டுக்காரரிடம் போனேன். "பாக்கலாம் சார்" என்றார். நான் எத்தனையோ பேருக்குச் சொன்ன அதே "பாக்கலாம்". மூன்றாவது நடையில் ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். அக்கா எழுந்து, தன் ஸ்டூலை எனக்குப் போட்டுவிட்டு, நின்றபடியே தேடினார். அரைமணி நேரத்தில் அந்த விடுப்பு உத்தரவு கிடைத்தது. கூடவே, மேல் அலமாரியிலிருந்து இன்னொரு காகிதமும் நழுவி விழுந்தது. என் மெமோ.

குனிந்து எடுத்துத் தூசு தட்டினார். "இதுவும் பத்திரமா இருக்கு சார்" என்று சிரித்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

அடுத்த மாதம் ஓய்வூதியம் வந்தது. துண்டு போட்ட நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சாயும்போது பார்த்துச் சாயுங்கள். துண்டு அடுத்தவருடையது.