புறநோயாளிப் பிரிவின் சமூகத்திற்கு ஒரு விண்ணப்பம்

மேன்மை பொருந்திய புறநோயாளிப் பிரிவு அவர்களின் திவ்ய சமூகத்திற்கு, நாற்பத்தைந்தைக் கடந்தும் ஐம்பதை எட்டாமலும் நடுவழியில் நிற்கும் ஸ்திரீ ஒருத்தி பணிவுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்:

தாங்கள் எங்கள் வர்க்கத்தின்மீது பொழிந்துவரும் கருணையை நாங்கள் ஒருநாளும் மறந்தவர்கள் அல்லர். ஒருத்தியின் வயிற்றில் கரு தங்கிய செய்தி கிராம சுகாதாரச் செவிலியரின் காதுக்கு எட்டிய மாத்திரத்தில், அவளுக்கு ஓர் எண் வழங்கி, எடை பார்த்து, இரத்தம் பார்த்து, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் திருப்பெயரால் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் அளித்து, வலி கண்டதும் 108 வண்டியை வாசலுக்கே அனுப்பிவைக்கும் தங்கள் சிரத்தையினால், 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்லுகிறபடி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 99.6 மருத்துவமனைகளிலேயே நடைபெறுகின்றன. இது சாமானியமான சாதனையன்று. ஆனால் அதே ஆய்வு, பெண்களுக்கென்றே வகுத்த வினாப்பட்டியலை 15 வயதில் தொடங்கி 49இல் மூடிவைத்துவிடுகிறது. பிள்ளை பெறும் யோக்கியதை தீர்ந்தவளிடம் கேட்பதற்கு இனி என்ன இருக்கிறது என்ற தங்கள் மரபை ஒட்டியே அதுவும் நடந்துகொள்கிறது போலும். பிற்பாடு எங்களுக்குச் சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் வந்து சேர்ந்ததும் தாங்கள் எங்களை மறுபடியும் கண்டுபிடித்துவிடுகிறீர்கள். 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற பெயரில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இவ்விரண்டு அனுக்கிரகங்களுக்கும் இடைப்பட்ட சில வருஷங்களில் நாங்கள் எந்த லோகத்தில் சஞ்சரித்தோம் என்பதற்குத்தான் தங்கள் தஸ்தாவேஜுகளில் பதிவில்லை.

அந்த லோகத்தை அடியேன் சற்று வர்ணிக்க அனுமதிக்க வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு முற்றிலும் நின்றுபோவது சராசரியாக நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதில். தேகம் அதற்கு ஆயத்தமாகத் தொடங்குவதோ அதற்கு நாலைந்து வருஷம் முன்னதாக, சிலருக்கு எட்டு வருஷமும் முன்னதாக. சினைப்பையின் சுரப்பு ஒரு வாரம் ஏறி மறுவாரம் இறங்க, இரவு இரண்டு மணிக்கு நைட்டி நனைந்து விழிப்பதும், முகத்தில் அனல் பாய்வதும், முழங்கால் முதல் விரற்கணு வரை நோவதும், காரணமின்றி நெஞ்சு படபடப்பதும், நேற்றுவரை நாவில் நின்ற அடுத்த வீட்டுக்காரியின் பெயர் இன்று வர மறுப்பதும், காபியில் சர்க்கரை குறைந்ததற்காகக் கண்ணீர் பெருகுவதும் ஆகிய இத்தனையும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவையாக இருக்கக்கூடும்.

தங்களிடமோ இவை நான்கு வாசல்களாகப் பிரிந்துவிடுகின்றன. படபடப்புக்கு ஈ.சி.ஜி.; நார்மல். மூட்டுவலிக்கு எலும்புப் பிரிவு, கால்சியம் மாத்திரை. எரிச்சலுக்குத் தைராய்டு, அதுவும் நார்மல். நித்திரையின்மைக்கு, "டென்ஷன் ஆகாதீங்கம்மா, வயசாகுதில்ல" என்ற உபதேசம், கட்டணமின்றி. இப்பரிசோதனைகளை நான் பரிகசிக்கவில்லை. தைராய்டும் இரத்தசோகையும் இதே வேஷம் பூண்டு வருவதுண்டாகையால் அவற்றைப் பார்த்தே தீரவேண்டும். நான்கு சீட்டுகளையும் ஒரே மேஜையில் விரித்து வைத்துப் பார்க்கும் உத்தியோகஸ்தர் எவரையும் தாங்கள் நியமிக்கவில்லை என்பதே என் குறை.

இத்தனைக்கும் ஒவ்வொரு சீட்டின் உச்சியிலும் கடைசி விலக்கின் தேதியைக் கேட்கும் எல்.எம்.பி. என்ற மூன்றெழுத்து இருக்கிறது. "கடைசியா எப்பம்மா குளிச்சீங்க?" என்று என் மகள் வயதுள்ள டாக்டரம்மா தலைநிமிராமல் கேட்டார். போன மாதம் இரண்டு தடவை, அதற்கு முந்தின இரண்டு மாதமும் இல்லை, இந்த மாதம் பத்து நாளாக நிற்கவில்லை என்று விஸ்தாரமாகச் சொன்னேன். "ஏதாவது ஒரு தேதி சொல்லுங்கம்மா, ஒண்ணு எழுதத்தான் இடம் இருக்கு" என்றார். நோயின் சரித்திரம் முழுவதும் அந்த விடையில் இருக்க, கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொள்வதற்குமேல் அக்கட்டத்திற்கு உபயோகம் கிடையாது என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

தங்கள் சாஸ்திரத்தின் இலக்கணமும் விசித்திரமானதே. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் விலக்கு வராதிருந்தால்தான் நின்றது என்று பெயர். பதினோராம் மாதம் ஒருநாள் தலைகாட்டிவிட்டால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து. ஆகவே அவஸ்தை உச்சத்தில் இருக்கும்போது அதற்குச் சான்றிதழ் கிடையாது. இரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்க்கலாமே என்றால், அது இன்றொன்றும் நாளையொன்றும் காட்டும். நாற்பத்தைந்து கடந்தவளிடம் லட்சணங்களைக் கேட்டே நிர்ணயிக்கலாம், இரத்தப் பரிசோதனை வேண்டியதில்லை என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி நெறி 2015இலேயே சொல்லிவிட்டது. கேட்பதற்கு டெண்டர் விடவேண்டியதில்லை என்பதனாலேயே ஒருவேளை அந்த முறை இங்கே பிரபலமாகவில்லை.

மருந்து விஷயமும் அப்படியே. 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதி நடுவில் நிறுத்தப்பட்டு, இந்த அவஸ்தைக்குத் தரப்படும் ஹார்மோன் மாத்திரையால் மார்பகப் புற்றும் இருதய நோயும் வரும் என்ற பீதி உலகெங்கும் பரவிற்று. அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63 என்பதும், அறுபதுக்கு உட்பட்டவர்களுக்கு, வேறு தடை இல்லாதபட்சத்தில், அபாயத்தைவிட அநுகூலமே பெரும்பாலும் மிகுதி என்பதும் பின்னர் தெளிவாயின. மார்பகப் புற்று வந்தவர்களுக்கும் இரத்தக்கட்டு கண்டவர்களுக்கும் வேறு மருந்துகள் உண்டு. கெட்ட செய்தி தங்கள் வாசலுக்கு விமானத்தில் வந்துவிட்டது. பின்வந்த தெளிவோ மாட்டுவண்டியில் வந்துகொண்டிருக்கிறது போலிருக்கிறது.

மாத்திரை எழுத இத்தனை தயங்கும் தங்கள் கரம், கத்தியை எடுக்கும்போது மட்டும் என்ன வேகம்! உதிரப்போக்கு மிகுந்து வருகிறவளிடம் "பிள்ளையெல்லாம் பெத்தாச்சுல்ல, எடுத்துடலாம்" என்று கர்ப்பப்பையை, வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரரைப்போல், காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள். ஸ்கேன் எடுத்து, தேவையானால் திசுவைச் சோதித்து, மாத்திரையோ கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமோ போதுமா என்று பார்த்தபின் எடுப்பது வைத்தியம். முதற்படியே அதுவானால் என்னவென்பது? மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளவயதிலேயே கர்ப்பப்பையை இழந்து நின்ற கதை 2019இல் அம்பலமாயிற்று. அநாவசியமாக எடுப்பதைத் தடுக்கும் நெறிமுறைகளை மூன்று மாதத்திற்குள் அமல்படுத்தும்படி சுப்ரீம் கோர்ட்டே 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்குக் கட்டளையிட நேர்ந்தது. சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால், வருஷக்கணக்கில் படிப்படியாக வரவேண்டியது ஒரே இரவில் வந்துவிடும் என்பதைக் கையெழுத்து வாங்கும்போது எத்தனை பேரிடம் சொல்லுகிறீர்களோ, தங்களுக்கே வெளிச்சம்.

ஆகையால் அடியேன் யாசிப்பது பெரிய மாளிகையோ புதிய திட்டமோ அன்று. அந்த மூன்றெழுத்துக் கட்டத்தை இரண்டு வரி நீளமாக்கித் தர வேண்டும். வீடு தேடி வந்து இரத்தக்கொதிப்பு பார்க்கும் பெண், பட்டையைக் கையில் சுற்றும் நேரத்தில் "தூங்குறீங்களாக்கா? மாசாமாசம் சரியா வருதா?" என்று கேட்கப் பழக்கப்படுத்த வேண்டும், அந்தப் பெண்களிலும் பலர் எங்கள் வயதினரேயாகையால் கேள்வியின் தாத்பரியத்தை அவர்களுக்கு விளக்கவேண்டிய சிரமம் இராது.

இதுவும் அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால், வெளியாரை விட்டுத் தங்கள் சொந்த ஊழியரிடமே ஆரம்பிக்கலாம். சென்ற செவ்வாய்க்கிழமை ஊசி போடும் அறையில் என்னைக் காக்கவைத்துவிட்டு, மருத்துவமனையில் ஓடுகிற ஒரே மின்விசிறியின் கீழே போய்ச் சீருடைக் காலரைத் தளர்த்திக்கொண்டு நின்ற தலைமைச் செவிலியரிடம், அவருக்கு என்ன செய்கிறது என்று யாராவது கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, தைராய்டு பாத்தாச்சு, நார்மல்" என்றார்.

இங்ஙனம்,
தங்கள் நீண்ட வரிசையில் நிற்கும்
ஒரு நார்மல் ஸ்திரீ