தூக்கம் கெட்டால் தையல் கெடும்

கேள்வி: ஆபரேஷன் பழகும் இளம் டாக்டர்களுக்கு அமெரிக்காவில் தூக்கமே கிடையாதாமே?

பதில்: அந்தப் பயிற்சிமுறைக்கு அடித்தளமிட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் சர்ஜன் ஹால்ஸ்டெட், சீடர்களை ஆஸ்பத்திரியிலேயே குடிவைத்தவர். அவர்கள் கல்யாணம் பண்ணிக்கொள்வதைக்கூட அன்று அங்கே விரும்பவில்லை. அவர் மட்டும், தான் ரப்பர் கையுறை செய்வித்துக் கொடுத்த நர்ஸையே 1890-இல் மணந்துகொண்டார்! நல்லவேளையாக, 2003-இலிருந்து அமெரிக்காவில் இவர்களின் வேலைக்கு வாரத்துக்குச் சராசரியாக 80 மணி நேரம்தான் உச்சவரம்பு. எனக்கு அதுவே அதிகம். கண் சொக்குகிறவர் கையில் யார் வயிற்றைக் கொடுப்பது? 'நேரத்தைக் குறைத்தால் கைப்பழக்கம் வராது' என்பவர்கள் கவனிக்கட்டும்: மேசை இழுப்பறைக் கைப்பிடியில் பட்டுநூலைச் சுற்றி, நூலைப் பார்க்காமல் ஒற்றைக் கையால் முடிச்சுப் போட்டு, அறுந்துவிடாமல் இறுக்கிப் பழகலாம். அதை நன்றாகத் தூங்கி எழுந்தபிறகும் செய்யலாம்!