தீவுக்குப் போகும் திண்டுக்கல்

திண்டுக்கல்லுக்குக் கடல் கிடையாது. மலை உண்டு, மலைமேல் கோட்டை உண்டு, பூட்டு உண்டு, பிரியாணி உண்டு. தீவுதான் வேண்டுமென்றால் மதுரை, மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம், மண்டபம் எல்லாம் தாண்டி, சுமார் 230 கிலோமீட்டர் போய்ப் பாம்பன் தீவில் இறங்க வேண்டும். அதைத் தீவு என்று யாரும் சொல்வதில்லை. இராமேஸ்வரம் என்றுதான் சொல்வார்கள். தென்னை, வெண்மணல், இரண்டு பக்கமும் கடல், அருகே பவளப்பாறைகள் என்று சுற்றுலா விளம்பரங்கள் கேட்கும் தகுதி எல்லாம் அதற்கு இருக்கிறது. ஆனாலும் திண்டுக்கல்லிலிருந்து அங்கே போகிறவர்கள் யாரும் சுற்றுலா போவதாக ஒப்புக்கொள்வதில்லை.

காரணம் இருக்கிறது. மாலத்தீவில் 1972-ல் முதல் உல்லாச விடுதி திறந்ததிலிருந்து, தீவு விடுமுறை என்றால் ஒன்றும் செய்யாமல் கிடப்பது என்று உலகம் முடிவுகட்டிவிட்டது. ஒன்றும் செய்யாமல் கிடக்கத் திண்டுக்கல் நாகல் நகரில் வீட்டுத் திண்ணையே போதும். அதற்கு எதற்கு வேன் வாடகை? தீவுக்குப் போக ஒரு கடமை வேண்டும். தாத்தாவின் திதி, ஆடி அமாவாசை, தை அமாவாசை, ஜாதகத்தில் ஏதோ ஒரு தோஷம் என்று ஒன்று கையில் இருந்தால்தான் அலுவலகத்தில் விடுப்பும் மைத்துனரிடம் கைமாற்றும் கேட்க வாய் வரும்.

புறப்பாடு இரவு பதினோரு மணிக்கு என்று அறிவிக்கப்படும். அதன் பொருள் பன்னிரண்டரை. வீட்டைப் பூட்டுவது தனிச் சடங்கு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்க்காரர் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பதற்குக் குறியீடு எதுவும் தேவைப்படவில்லை. அப்படியும் வேன் கொடைரோட்டைத் தாண்டும்போது, "பின்கதவைப் பூட்டுனோமா?" என்று பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் கேட்கும். வழிக்குப் புளிச்சோறு, இட்லி, மிளகாய்ப்பொடி, ஒரு தார் சிறுமலை வாழைப்பழம். பெண்களின் பையில் சின்னாளபட்டி சுங்குடிச் சேலைகள். நனைந்தால் சீக்கிரம் காயும்.

விடியும் நேரத்தில் பாலம் வரும். சாலைப் பாலம் 1988-ல் திறந்தது. பக்கத்திலேயே ரயில் பாலங்கள்: 1914-ல் திறந்து 2022 வரை ரயில் ஓடிய பழையது, 2025 ஏப்ரலில் திறந்த புதியது. பழையதில் கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் தூக்கிக்கொண்டது, புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும். இதைப் பெரியப்பா விளக்கி முடிப்பதற்குள் போலீஸ் விசில் அடித்துவிடும், ஏனென்றால் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது. எல்லா வண்டியும் நிற்கும். எல்லாரும் செல்ஃபி எடுப்பார்கள். கப்பல் மட்டும் வராது.

தங்குமிடங்கள் பலவகை. தேவஸ்தான விடுதிகள், பல சமூகத்தார் கட்டிய சத்திரங்கள், மடங்கள், கடலோரத்தில் அரசின் ஹோட்டல் தமிழ்நாடு, சந்துக்குச் சந்து லாட்ஜுகள், அண்மைக் காலத்தில் நீச்சல் குளம் வைத்த ஓட்டல்கள். கடலுக்கு நடுவில் வந்து குளத்துக்குக் காசு கொடுப்பதா என்று கடைசி வகை உடனே தள்ளுபடியாகும். உலகப் பயணி கேட்கும் முதல் கேள்வி, அறையிலிருந்து கடல் தெரியுமா என்பது. திண்டுக்கல் பயணியின் கேள்விகள் வேறு: கோயிலுக்கு எவ்வளவு தூரம், வெந்நீர் எத்தனை மணி வரைக்கும், கூட ரெண்டு பாய் கிடைக்குமா. இருவருக்கான அறையில் ஒன்பது பேர் தங்குவது குடும்ப ஒற்றுமை எனப்படும். கட்டில் முதியவர்களுக்கு, பாய் நடுவயதினருக்கு, மிச்சமிருக்கும் இடம் பிள்ளைகளுக்கு. அறைக் கதவின் பூட்டை வீட்டுத் தலைவர் கையில் வாங்கி, எடை பார்த்து, சாவியை இருமுறை திருப்பி, "அலிகார் சரக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பையிலிருந்து சொந்தப் பூட்டை எடுப்பார்.

தீவில் செய்ய வேண்டியவற்றுள் முதலாவது நீர் விளையாட்டு. அதற்குத் தீர்த்தமாடல் என்று பெயர். முதலில் அக்னி தீர்த்தக் கடல். வயல் கிணற்றில் மேட்டிலிருந்து குதித்து நீச்சல் பழகியவருக்கு இந்தக் கடல் சற்றே ஏமாற்றம்; நூறடி நடந்தாலும் இடுப்பளவைத் தாண்டாது, அலையும் பெயருக்குத்தான். பிறகு ஈரத் துணியோடு இராமநாதசுவாமி கோயிலுக்குள் ஓடி, 22 தீர்த்தங்கள். கிணற்று விளிம்பில் நிற்பவர் கயிறு கட்டிய வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார். கங்கை, யமுனை, கயை என்ற பெயர்களிலும் தீர்த்தங்கள் இருப்பதால் ஒரு மணி நேரத்தில் வடநாட்டு யாத்திரையும் தனிச் செலவில்லாமல் முடிகிறது. குழாயில் தண்ணீர் வரும் நாளுக்காகக் குடத்தோடு காத்திருந்து பழகிய ஊர்க்காரருக்கு, உப்புக் கடல் சூழ்ந்த தீவில் வாளி வாளியாக நல்ல தண்ணீர் தலையில் விழுவதுதான் முதல் அதிசயம். "இந்தக் கிணத்துல ஒண்ணு நம்ம தெருவுல இருந்தா…" என்று அம்மாச்சி தொடங்குவார். முடிப்பதற்குள் அடுத்த வாளி விழும்.

கடைசியான கோடி தீர்த்தத்தில் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, உலர்ந்த துணி மாற்றினால்தான் சன்னதிக்குள் தரிசனம். அடுத்தது நடைப்பயிற்சி. மூன்றாம் பிரகாரத்தில் 1,212 தூண்கள் என்பது கணக்கு. பிள்ளைகள் எண்ணத் தொடங்கி நூறுக்குள் சண்டை போட்டுக்கொள்வதால் அந்தக் கணக்குக்கு இதுவரை ஆபத்து நேர்ந்ததில்லை.

தீர்த்தமும் திதியும் முடியும் வரை சைவம். பிரியாணி ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதுவே பெரிய தவம். தவம் கலையும் இடம் தனுஷ்கோடி. போகிற வழியில் இரண்டு கடலும் இருபுறமும் கூடவே வரும். அமைதியானதைப் பெண் கடல் என்றும், சீறுவதை ஆண் கடல் என்றும் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். வேனில் இருக்கும் மதினிமார் இதை மறுத்துப் பேசுவார்கள். 1964 டிசம்பர் புயல் இந்த ஊரையும், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது. இடிந்த தேவாலயத்தின் முன்னால் வேனும் பேச்சும் சற்று நேரம் நிற்கும்.

2017-ல் திறந்த சாலை அரிச்சல்முனை வரை போகிறது. அங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். அதாவது திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் பாதி தூரம். "இலங்கை எங்கப்பா தெரியுது?" என்று கேட்கும் அம்மாச்சிக்கு ஏதாவது ஒரு மேகத்தைக் காட்டிவிடுவது வழக்கம். அங்கே குளிப்பது ஆபத்து; நீச்சல் தெரிந்தவர்களுக்கும் கால் நனைத்தல் மட்டுமே. அதன்பின் சாலையோரக் கொட்டகைகளில் மசாலா தடவிப் பொரித்த மீன். கோயில் எல்லை எப்போதோ முடிந்துவிட்டது என்பதை, கேட்காமலேயே ஒருவர் எல்லாருக்கும் நினைவூட்டுவார்.

திரும்பும் வழியில் பேய்க்கரும்பில், 2017-ல் திறக்கப்பட்ட அப்துல் கலாம் நினைவகம். இந்த ஓர் இடத்தில் பிள்ளைகளுக்கு அறிவுரை தவறாமல் கிடைக்கும்: "படிச்சா இப்படி வரலாம்." பிள்ளைகள் ஏவுகணை மாதிரியின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு நகர்வார்கள்.

வாங்க வேண்டியவை: சங்கு, பெயர் எழுதிய சோழி, பனையோலைப் பெட்டி, கருவாடு. வேனுக்குள் தீர்த்தக் கேனும் கருவாட்டுப் பொட்டலமும் எங்கெங்கே இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு வரும். தீர்த்தம் முன் இருக்கைக்கும், கருவாடு யாரும் உரிமை கோராமல் பின்னாலும் போய்ச் சேரும்.

மதுரைக்குள் நுழைவதற்குள் கணக்குப் பார்த்தாக வேண்டும். வேன் வாடகை, டீசல், சுங்கம், லாட்ஜ், திதிக்கான தட்சிணை, தீர்த்தச் சீட்டு, பொரித்த மீன், ஐஸ்கிரீம், சங்கு, கருவாடு எல்லாவற்றையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று பெரியப்பா சொல்வார். பிள்ளைகளுக்கு அரைத்தலை. நோட்டில் இந்த மொத்தத் தொகைக்கு நேரே எழுதப்படுவது ஒரே வரி: கோயில் செலவு.