குறையுள்ள ரோபோ தேவை

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் 2015இல் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ரோபோக்களுக்குக் குறை வைத்துப் பார்த்தார்கள். எர்வின் என்ற ரோபோ சின்னச் சின்ன விஷயங்களை மறந்து தடுமாறியது. கீப்பான் என்ற இன்னொன்று அளவுக்கு மீறிச் சந்தோஷப்பட்டது, அளவுக்கு மீறி வருத்தப்பட்டது. பழகிப் பார்த்தவர்களுக்குக் குறை உள்ளதைத்தான் பிடித்ததாம். இதற்கெல்லாம் பல்கலைக்கழகம் வரை போயிருக்க வேண்டாம். இலங்கை மலையகத்து லிந்துலையில், எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து இஸ்தோப்பில் ஒரு மழை மாலை உட்கார்ந்திருந்தால், சாயத்தண்ணியோடு ஆய்வு முடிவையும் கொடுத்திருப்போம்.

எங்கள் சித்தப்பாவிடம் இருப்பது ஒரே கதை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தோட்டத்துத் தொரை ஏசியதும், இவர் திருப்பிக் கொடுத்ததும். தொரை ஒரு தடவை ஜீப்பில் வருவார், மறுதடவை மோட்டார் சைக்கிளில் வருவார். கேட்டால், "அது வேற தொரைடா!" அடுப்படியிலிருந்து சித்தியின் குரல் வரும்: "இவரு எங்க பேசுனாரு? தலத்துண்டக் கக்கத்துல வச்சிக்கிட்டுல்ல நின்னாரு!" கதையைச் சரியாகச் சொல்லித் தொலைத்திருந்தால் அது அன்றைக்கே முடிந்திருக்கும்.

ஜப்பானில் தொயோஹாஷி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மிச்சியோ ஒகாடா, கிட்டத்தட்ட எங்கள் சித்தப்பாவையே ரோபோவாகச் செய்துவிட்டார். 'டாக்கிங் போன்ஸ்' என்று பெயர். பிள்ளைகளுக்குப் பழங்கதை சொல்லும். நடுவில் முக்கியமான சொல் மறந்து திருதிருவென்று நிற்கும். பிள்ளைகள் முந்திக்கொண்டு எடுத்துக்கொடுப்பார்கள். அவருடைய இன்னொரு ரோபோ, நடமாடும் குப்பைக்கூடை. பொறுக்கக் கை கிடையாது. ஆட்களிடம் போய் அசைந்து நிற்கும். யாராவது குப்பையை எடுத்துப் போட்டால் குனிந்து வணக்கம் வைக்கும். வேலையைக் காட்டிவிட்டுத் தான் செய்யாமல் நிற்பதால் கங்காணி வேலைக்கு முழுத் தகுதி உண்டு. வணக்கம் வைப்பதுதான் இடிக்கிறது.

ஆனால் எல்லாக் குறையும் பாசத்தை வளர்க்காது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1966இல் செய்த சோதனையில், கெட்டிக்காரன் தன்மேல் கோப்பியைக் கொட்டிக்கொண்டால் ஆட்களுக்கு அவனை இன்னும் பிடித்தது. சுமாரானவன் கொட்டினால் இருந்த மதிப்பும் போனது. எங்களுக்குத் தெரிந்த உதாரணம் கொழுந்து நிறுக்கும் தராசு. அதுவும் பிசகத்தான் செய்யும். அதை யாரும் மடியில் வைத்துக் கொஞ்சியதில்லை. மறதியில் கதை தொலைந்தால் சிரிப்பு வரும், கிலோ தொலைந்தால் சண்டை வரும்.

ஆகவே லயத்துக்கு ரோபோ வருமானால், கணக்கில் சுத்தமாகவும் கதையில் ஓட்டையாகவும் இருக்க வேண்டும். அதுவும் சித்தப்பாவைவிட மறதி கூடியதாக இருக்க வேண்டும். அவரைத் திருத்த லயம் முழுக்க ஆள் உண்டு. அவர் திருத்துவதற்குத்தான் ஒருவரும் இல்லை. பிள்ளைகளும் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.

சித்திக்கும் ஒன்று வேண்டுமா என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கு? கல்யாணத்தோடயே ஒண்ணு குடுத்துட்டாங்களே!"