வைகைக்கரைக் கேள்விகள்: சென்னைக்கு ஒரு கால்பந்து கிளப் வந்த கதை

சென்னையின் எஃப்சி எப்படிப் பிறந்தது? (மேலூர் வாசகர்)

ஒப்பந்தத்தில் கருவாகி, பட்டியல் மாற்றத்தில் பிறந்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010 டிசம்பரில் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 700 கோடி ரூபாய். அதன் பலனாக இந்தியன் சூப்பர் லீக் 2013 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் எட்டு நகரங்களின் பெயர் வந்தபோது பெங்களூரு இருந்தது, சென்னை இல்லை. பெங்களூரு உரிமையைப் பெற்றவர்கள் விலகவே, ஆகஸ்டு கடைசியில் அந்த இடம் சென்னைக்கு வந்தது. உரிமையாளர்களாக நடிகர் அபிஷேக் பச்சனும் வீட்டா தானியும் முன்வந்தார்கள். அக்டோபரில் மகேந்திர சிங் தோனியும் சேர்ந்துகொண்டார்.

முதல் ஆட்டம் அக்டோபர் 15 அன்று கோவாவில். 2-1 என்று வெற்றி. இடம் கிடைத்ததற்கும் முதல் வெற்றிக்கும் நடுவே ஏறக்குறைய ஏழு வாரம்தான்.

ஏழு வாரத்தில் கிளப் கட்ட முடியுமா? (திருமங்கலம் வாசகர்)

அணி கட்டலாம். கிளப் கட்ட முடியாது. மைதானம் ஏற்கெனவே இருந்தது: பெரியமேட்டில், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம். பயிற்சியாளராகவும் வீரராகவும் இத்தாலியின் மார்கோ மெட்டராசி வந்தார். 2006 உலகக் கோப்பை இறுதியில் சிடானிடம் தலைமுட்டு வாங்கிய அதே மெட்டராசி. பிரேசிலின் எலானோ முதல் பருவத்தில் 8 கோல் அடித்தார். களமிறங்கும் 11 பேரில் 6 பேர் வரை வெளிநாட்டவராக இருக்கலாம் என்பது அன்றைய விதி. ஆகவே ஆயத்தமான ஆட்டக்காரர்களைச் சேர்த்தாலே அணி தயார்.

அந்த அணி லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது. அரையிறுதியில் கொச்சியில் 0-3 என்று தோற்று, சென்னையில் அந்த மூன்றையும் திருப்பியடித்து, கூடுதல் நேரத்தின் கடைசியில் விழுந்த ஒரே கோலில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் வெளியேறியது. சென்னை அரங்கம் இந்த அணியைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டது அன்றுதான் என்று சொல்லலாம். ‘சூப்பர்மச்சான்ஸ்’ போன்ற ரசிகர் கூட்டங்கள் வளர்ந்தது இப்படிப்பட்ட இரவுகளில்தான்.

கால்பந்து கிளப்புகள் ஏன் துறைமுகங்களில் முதலில் தோன்றுகின்றன? (தூத்துக்குடியில் வேலை பார்க்கும் உசிலம்பட்டிக்காரர்)

பந்து கப்பலில் வந்ததால். ஸ்பெயினின் வெல்வா துறைமுகத்தில் சுரங்க நிறுவனத்தின் பிரிட்டிஷ் ஊழியர்கள் 1889இல் ரெக்ரியாட்டிவோ கிளப்பைத் தொடங்கினார்கள். இத்தாலியின் ஜெனோவாவில் ஆங்கிலேயர்கள் 1893இல் ஒன்றைத் தொடங்கினார்கள். கல்கத்தாவின் மோகன் பகானும் 1889இல் பிறந்ததுதான். ஆனால் அதை நிறுவியவர்கள் அந்த ஊர்க்காரர்களே. 1911இல் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படையணியைப் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி 2-1 என்று வென்றதும் அவர்களே. கப்பல் பந்தைக் கொண்டுவந்து இறக்கும். அதை உருட்டக் கரையில் ஆள் வேண்டும்.

சென்னையின் முதல் கோப்பை வெள்ளத்தில் வந்ததாமே? (சோழவந்தான் வாசகர்)

வெள்ளத்தைத் தாண்டி வந்தது. 2015 பருவத்தின் நடுவில் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. பிறகு தொடர்ந்து வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. அந்த டிசம்பரில் சென்னை தண்ணீரில் மூழ்கியிருந்ததால் கொல்கத்தாவுக்கு எதிரான ‘சொந்த ஊர்’ அரையிறுதியைப் புனேயில் ஆட நேர்ந்தது. அங்கே 3-0, கொல்கத்தாவில் 1-2, மொத்தத்தில் முன்னேற்றம்.

இறுதி ஆட்டம் டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபடோர்டாவில், கோவா அணிக்கு எதிராக. 87ஆம் நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலை பெற்றது. 90ஆம் நிமிடத்தில் பந்து கோவா கோல்கீப்பர் மீதே பட்டு வலைக்குள் போனது. காயங்களால் வீணான நேரத்துக்காகக் கூட்டிய நிமிடங்களில் கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா அடித்தது வெற்றி கோல்; அந்தப் பருவத்தில் அவருக்கு அது 13ஆவது. வீடு வாசல் இழந்த நகரத்துக்கு ஒரு கோப்பை ஈடாகாது. ஆனால் அந்த வாரத்தில் சென்னைக்குக் கிடைத்த நல்ல செய்தி அது.

கோல் அடித்தவர்களில் தமிழர் யார்? (வாடிப்பட்டி வாசகர்)

கூர்மையான கேள்வி. முதல் இரண்டு பருவங்களின் புகழ் பெரும்பாலும் வெளியூர்க் கால்களுடையது. மாற்றம் 2018இல் தெரிந்தது. பெங்களூருவில் அந்த ஊர் அணியையே 3-2 என்று வென்று இரண்டாவது பட்டம் வாங்கியபோது நடுக்களத்தில் ஆடியவர் தனபால் கணேஷ், வியாசர்பாடிப் பையன். வடசென்னையின் அந்தப் பகுதி பந்தாட்டத்துக்குப் பேர்போனது. ஆட்டக்காரர் நந்தகுமார் சேகரும் அங்கிருந்து வந்தவர்தான். மற்றோர் ஊற்று கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்க் கடற்கரை: மீனவக் குடும்பத்தின் மைக்கேல் சூசைராஜ் அங்கே மணலில் ஆடி வளர்ந்தார். துறைமுக நகரத்துக்கு வந்த கிளப் இந்தத் தெருக்களையும் கரைகளையும் முதல் ஆண்டிலிருந்தே தேடிப் போயிருக்க வேண்டும்.

சென்னையைத் தவிர வேறெங்கும் பந்து உருளவில்லையா? (பேரையூர் வாசகர்)

உருண்டது, பட்டமும் வந்தது. 2018-19 பருவத்தில் சென்னையின் எஃப்சி பத்து அணிகளில் பத்தாவது. அதே பருவத்தில், கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக்கிக்கொண்ட சென்னை சிட்டி எஃப்சி, 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, மற்றொரு தேசிய லீக்கான ஐ-லீக்கின் பட்டத்தைப் பெற்றது. பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். பெத்ரோ மான்சி 21 கோல். ஆனால் அந்த வெற்றி நிலைக்கவில்லை: மூன்றே ஆண்டில் அந்த கிளப் ஐ-லீக்கிலேயே இல்லை.

மதுரைக்கு? (செல்லூர் வாசகி)

மதுரைக்குத் தேசியப் பட்டமே இருக்கிறது, ஊரில் பலருக்குத் தெரியாவிட்டாலும். 2016இல் தொடங்கிய சேது எஃப்சி, மதுரையை இருப்பிடமாகக் கொண்ட பெண்கள் கிளப். இந்தியப் பெண்கள் லீக்கே 2016-17இல்தான் தொடங்கியது. ஆகவே சேது கிட்டத்தட்ட லீக்கின் வயதுடையது. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது. தமிழ்நாட்டு கிளப் ஒன்று அந்த லீக்கை வென்றது அதுவே முதல் முறை.

அணியில் கடலூர்ப் பக்கத்து இந்துமதி கதிரேசன், பண்ருட்டியின் சந்தியா ரங்கநாதன், நேபாளத்தின் சபித்ரா பண்டாரி. முந்தைய ஆண்டு கட்டாக்கில் மணிப்பூரை வென்று தமிழ்நாடு தேசியப் பெண்கள் பட்டம் பெற்றிருந்தது. அந்த விளைச்சலைத்தான் சேது அறுவடை செய்தது. 2022இல் இரண்டாமிடம்: கடைசி ஆட்டத்தில் கோகுலம் கேரளாவிடம் 1-3. நடிகர் இல்லை, கிரிக்கெட் கேப்டன் இல்லை. ஆட்டத்தை மட்டும் நம்பி நின்ற கிளப். மதுரைத் தெருச்சுவரில் அந்தப் பெண்களின் படம் பெரிதாக இருக்க வேண்டும்.

மதுரைக்காரனுக்கு ஜல்லிக்கட்டு போதாதா? (பாலமேடு வாசகர்)

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றும் தைப் பொங்கலோடு முடிந்துவிடும். மீதி மாதங்களைப் பந்துக்குக் கொடுக்கலாம்.

அப்படியானால் மதுரையில் ஆண்கள் கிளப் ஒன்றைத் தொடங்க என்ன வேண்டும்? (திருப்பரங்குன்றம் வாசகர்)

முதலில் ஏணி. மாவட்ட, மாநிலப் போட்டிகளில் ஆடி, மாநிலச் சங்கத்தின் வழியாக 2023இல் தொடங்கிய ஐ-லீக் 3க்குப் போக வேண்டும். அங்கிருந்து ஐ-லீக் 2, பிறகு ஐ-லீக். அதை வென்றால் சூப்பர் லீக். இந்தக் கடைசிக் கதவு 2022-23 பருவத்தில்தான் திறந்தது; முதலில் நுழைந்தது பஞ்சாப்.

அடுத்து உரிமம். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி விளையாட்டு, கட்டமைப்பு, ஆட்கள், சட்டம், நிதி என்று ஐந்து வகையில் தகுதி காட்ட வேண்டும். விளையாட்டு என்ற தலைப்பின் கீழ் இளையோர் அணிகளும் வரும். மேலூர், உசிலம்பட்டிப் பள்ளி மைதானங்கள் அதற்குத்தான் பயன்பட வேண்டும். மதுரை ரேஸ்கோர்ஸ் விளையாட்டரங்க வளாகத்தில் 2025 ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டங்களே நடந்தன. ஒரு விளையாட்டுக்கு அரசு மனம் வைத்தால் இங்கே தரமான களம் வரும் என்பதற்கு அது சாட்சி.

கடைசியாகப் பணம். 2010 ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்த நிலையில், அடுத்த ஏற்பாடு தெளிவாகாமல் சூப்பர் லீக் தடுமாறியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. இரண்டு கோப்பை வென்ற கிளப்புக்கே அந்த நிலை. ஆகவே மதுரையில் தொடங்குகிறவர்கள் தொலைக்காட்சி வருமானத்தைக் கடைசி வரியில் எழுதி, டிக்கெட், உள்ளூர் வணிகர்கள், கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றை முதல் வரியில் எழுத வேண்டும்.